பன்னீரைத் தூங்க விடுங்கள்

கல்கத்தா லோக்கல் ரயிலின் வாலில் உட்கார்ந்து போகிற கார்டு நான். பெயர் பட்டாபி. தலையில் உட்கார்ந்து ஓட்டுகிற மோட்டார்மேன் பன்னீர்செல்வம். ஒரே வண்டியில்தான் போகிறோம், ஆனால் ஓடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் அத்தனை பெட்டிகளும், அவற்றில் கூடையும் சாக்குமாக ஏறியிருக்கிற பாதி வங்காளமும் இருக்கும். எங்களுக்குள் பேச்சு மணியில்தான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜனம் ஏறி இறங்கியதும் நான் இரண்டு மணி அடிப்பேன். புறப்படு என்று அர்த்தம். அவன் பதிலுக்கு இரண்டு மணி அடிக்க வேண்டும். கேட்டுவிட்டேன், புறப்படுகிறேன் என்று அர்த்தம். பதில் மணி வராமல் வண்டி நகராது.

பன்னீரின் பதில் மணி நான் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் வந்துவிடும். "கொஞ்சம் பொறுத்து அடியேன்டா, முந்திரிக்கொட்டை!" என்று கடைசி ஸ்டேஷன் சியால்தாவில் இறங்கியதும் திட்டுவேன். "இன்னா ஐயரே, பின்னாடி நீங்க தூங்கிடுவீங்களேன்னு எழுப்பி விட்டேன்" என்பான். சொல்லிவிட்டு அவன் சிரித்தால் பிளாட்பாரத்தின் மறுகோடியில் முட்டை விற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். நான் அவனைவிட வயதில் மூத்தவன், இன்னும் கொஞ்ச காலத்தில் ரிட்டயர் ஆகப் போகிறவன். இந்த ஐயரேயை விடச் சொல்லி எவ்வளவோ முறை சண்டை போட்டிருக்கிறேன். கேட்டால்தானே.

அவன் அப்பா ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக ஹவுராவுக்கு வந்தவர். பன்னீர் ஹவுராவில் பிறந்து, தெருவில் வங்காளமும் வீட்டில் வடாற்காட்டுத் தமிழும் பேசி வளர்ந்தவன். நான் லேக் மார்க்கெட் ஐயர் வீட்டுப் பிள்ளை. என் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் கம்பெனியில் குமாஸ்தாவாக வந்து இங்கேயே தங்கிவிட்டார். என் தமிழும் அவன் தமிழும் ஒரே பாஷைதான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் வங்காளிகள் நம்பமாட்டார்கள். ஆனாலும் அத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் தமிழில் திட்டிக்கொள்ள எங்களுக்கு ஒருவரையொருவர் விட்டால் ஆள் இல்லை. அதனால் ஒட்டிக்கொண்டோம்.

அவனைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டியது தூக்கம். கூட்ஸ் வண்டியில் உதவி டிரைவராக இருந்த காலத்திலிருந்தே நினைத்த இடத்தில் தூங்குகிற வரம் அவனுக்கு உண்டு. பெஞ்சில், மூட்டை மேல், டிரைவர்கள் ஓய்வெடுக்கிற ரன்னிங் ரூமில் எல்லோரும் சீட்டாடிக் கத்திக்கொண்டிருக்கும்போது நடுவில், இறால் மாதிரி சுருண்டு படுத்தான் என்றால் அடுத்த நிமிஷம் குறட்டை வரும். எழுந்ததும் நேராக வந்து என் தயிர்சாதத்தைப் பார்த்து முகம் சுளிப்பான். கல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு போடுகிறவனை ஜெயிலில் போட வேண்டும் என்று மரக்கறி தின்கிற என்னிடம் வந்து வாதாடுவான். நானும் விடாமல் உருளைக்கிழங்கு கட்சியில் நின்று வாதாடுவேன். பிரியாணியின் வாசனைகூட எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இப்படி இருந்தவனுக்குத்தான் அந்த மழைநாள் வந்தது.

பாகாஜதின் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். விடியற்காலையிலிருந்து கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. முன்னாலிருந்து ஹாரன் கேட்டது. விடாமல் கேட்டது. பிறகு வண்டி முழுவதும் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. அவனிடமிருந்து மணி வந்தது, என்னை முன்னால் கூப்பிடுகிற மணி. எங்கள் தொழிலில் யாருக்கும் பிடிக்காத மணி அது. இறங்கித் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து போனேன்.

வண்டியில் ஆள் அடிபட்டுச் செத்தால் எங்கள் பாஷையில் அதற்கு ரன் ஓவர் என்று பெயர். லைனைக் குறுக்கே கடக்கிற ஊரில் லோக்கல் ஓட்டுகிறவன் எவனும் இதற்குத் தப்ப முடியாது. பிரேக் போட்ட இடத்தில் நிற்க ரயில் சைக்கிள் இல்லை. பன்னீருக்கும் இது முதல் தடவை அல்ல. முன்பெல்லாம் அழுவான். ஒரு நாள் பட்டினி கிடப்பான், காளிகாட்டுக்குப் போய் அம்மன் முன்னால் நிற்பான், பிறகு மெல்லத் தேறிவிடுவான். இந்த முறை அவன் அழவில்லை. கேபினுக்குக் கீழே ஜல்லியில் நின்றுகொண்டிருந்தான். கையில் பிடித்திருந்த தண்ணீர் பாட்டில் சாய்ந்து, அவன் செருப்பின் மேலேயே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

"கொடைய மடிச்சிகினு இருந்தான் சார்," என்றான்.

"என்னடா சொல்றே?"

"லைன் மேல வந்து நின்னான். மழை விட்டுடுச்சான்னு மேல பாத்தான். விட்டுடுச்சுன்னு தெரிஞ்சதும் கொடைய மடிச்சான். பொறுமையா மடிச்சான். நான் ஹாரன் அடிச்சிகினே இருந்தேன். அவன் கொடையத்தான் பாத்துகினு இருந்தான்."

அழாமல், குரல் உயராமல், கடையில் விலை சொல்வது போலச் சொன்னான். அவன் என்னை சார் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. எத்தனை வருஷமாக அந்த ஐயரேயை விடச் சொல்லிச் சண்டை போட்டேன்! விட்டுவிட்டான். அவன் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மூடினேன்.

ஆபீஸில் ஒன்றும் குறை வைக்கவில்லை. அங்கேயே மாற்று ஆளை ஏற்றினார்கள். அவனை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வேண்டிய மட்டும் ஓய்வு எடு, தேறின பிறகு வந்தால் போதும், டாக்டரிடம் பேசு என்றார்கள். எல்லாவற்றுக்கும் சரி சார் என்று தலையாட்டிவிட்டு அவன் டாக்குரியாவில் இருந்த தன் வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால், ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி கடகடக்கிற வீடு. அவன் மனைவி விஜயலட்சுமி அடுப்பங்கரையில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். பன்னீர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் எதிரே மகள் தேவிப்ரியா தரையில் ஒரு துணியை விரித்துச் சீட்டுக்கட்டைப் பரப்பியிருந்தாள். தேவிப்ரியா ஸால்ட் லேக்கில் ஏதோ கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். தமிழில் ஆரம்பித்து வங்காளத்தில் முடிப்பாள். ஓய்வு நேரத்தில் சிநேகிதிகளுக்கெல்லாம் டாரட் என்று ஒரு சீட்டு ஜோசியம் பார்க்கிறாள்.

எனக்கு இதிலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. கிளி ஜோசியமாக இருந்தால் கிளிக்காவது ஒரு நெல் கிடைக்கும். ஆனால் பன்னீர் அந்தச் சீட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக எதையும் பார்க்காதவன் எதையோ பார்க்கிறானே என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அப்பாவுக்காக எடுத்தேன் காக்கு," என்றாள் தேவிப்ரியா. வங்காளிப் பிள்ளைகள் சித்தப்பாவைக் கூப்பிடுவது போல என்னைக் காக்கு என்றுதான் கூப்பிடுவாள். "இதுக்குப் பேரு நாலு வாள்."

எட்டிப் பார்த்தேன். நீளமான ஒரு கல்மேடை. அதன் மேல் ஒரு போர்வீரன் மல்லாந்து கிடந்தான். கால் இரண்டும் சேர்ந்து நீட்டியிருந்தன, நெஞ்சின் மேல் இரண்டு கையும் கூப்பியிருந்தன. சுவரில் மூன்று வாள்கள் அவனை நோக்கித் தலைகீழாகத் தொங்கின. நாலாவது வாள் மேடையின் பக்கவாட்டில் அவனுக்குக் கீழே படுத்திருந்தது. மூலையில் கண்ணாடி ஜன்னல் ஒன்று.

"இது ரெஸ்ட் கார்டு காக்கு. சண்டை முடிஞ்சு வந்து படுத்திருக்கான். மேல தொங்குதே மூணு வாள், அதெல்லாம் கஷ்டம். அது எங்கேயும் போகாது, அங்கேயேதான் தொங்கும். ஆனா இப்போ எழுந்து அதோட மல்லுக்கட்ட வேணாம். கீழ இருக்கிற வாள் அவனோடது. யாரும் எடுத்துட்டுப் போகமாட்டாங்க. உடம்பு சரியானப்புறம் எழுந்து எடுத்துக்கலாம். அதுவரைக்கும் படுத்து, நடந்ததை மெதுவா மனசுல வாங்கிக்கணும். அவ்வளவுதான் அர்த்தம்."

சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பன்னீர் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"நல்லா தூங்கறான்," என்றான்.

அந்த வாரத்தில் அவன் தானாக வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று பிறகு தேவிப்ரியா சொன்னாள். அதை அனுபவிப்பதற்குள் வடைத் தட்டோடு விஜயலட்சுமி வந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டாள். தட்டு கட்டில் மேல் டொக்கென்று விழுந்தது.

"இன்னாடி இது? பொணத்தக் கொண்டாந்து அப்பா கையில குடுத்திருக்க!"

"அம்மா, பொணம் இல்லம்மா. டெத் கார்டு ஆலாதா, தனி கார்டு. அதுல எலும்புக்கூடு குதிரை மேல வரும்."

"அது வேற இருக்குதா இந்தக் கட்டுல! உன்ன என்ன செஞ்சா தகும்? ஏற்கெனவே வீட்டுல என்ன நடந்துகினு இருக்குது, நீ எளவு வீட்டுப் படத்தக் காட்டிகினு இருக்க!"

நியாயத்தைச் சொல்ல வேண்டுமானால், படத்தைப் பார்த்ததும் எனக்கும் அதேதான் தோன்றியது. வெள்ளைக்காரன் கல்லறை மேல் ஆளைப் படுக்கவைத்தது போலச் சிலை செய்வான், அது அவன் வழக்கம். நம் வீட்டில் ஒருவர் மல்லாந்து, கால் சேர்த்து நீட்டி, நெஞ்சில் கை கூப்பிக் கிடக்கிறார் என்றால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் பண்ணியாகிவிட்டது என்று அர்த்தம். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, கைக் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டி, தலைமாட்டில் விளக்கு வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான். குழந்தை அப்படித் தூங்கினால்கூட அம்மாக்காரி போய்ப் புரட்டிப் போட்டுவிடுவாள்.

விஜயலட்சுமி அந்தச் சீட்டைப் பிடுங்கி மஞ்சள் துணியில் சுற்றி வைத்தாள். மறுநாள் ஃபெர்ரியில் ஹவுராவுக்குப் போகிற வழியில் நடு கங்கையில் போட்டுவிட்டு வந்தாள். தேவிப்ரியா அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இதெல்லாம் வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்துதான். ஆனால் அதோடு முடியவில்லை.

சீட்டு ஆற்றோடு போன பிறகு பன்னீர் அதே மாதிரி படுக்க ஆரம்பித்தான். இறால் மாதிரி சுருண்டு படுக்கிறவன் இப்போது மல்லாந்து, கால் நீட்டி, நெஞ்சில் கை கூப்பிப் படுத்தான். படுத்தால் கண் மூடியது. மூடியதைப் பார்த்ததும் விஜயலட்சுமி பதறிப்போய் உலுக்கி எழுப்பினாள். புரண்டு படுங்க என்றாள். புரண்டு படுத்தான், தூக்கம் போயிற்று. திரும்பவும் மல்லாந்தான், திரும்பவும் எழுப்பினாள். பகலிலும் இதே கதை. பூசணிக்காய் உடைத்தாள். கறுப்புக் கயிறு கட்டினாள். காளிகாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்க வைத்தாள். திரும்பி வரும்போது அவன் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அளவு சின்னது, குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வீடுவரைக்கும் அப்படியே நடந்து வந்தவன் வாசலில் விஜயலட்சுமி சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தானாம்.

கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் இருந்தால்தானே படுக்கிறார், டூட்டிக்குப் போனால் உட்கார்ந்துதானே இருக்க வேண்டும். கேட்டீர்களா அநியாயத்தை! ஓய்வு எடு என்று வந்த சீட்டைப் பார்த்துப் பயந்து, ஓய்வில் இருந்தவனை வேலைக்குக் கிளப்பிவிட்டாள். அவனும் போனான். டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான், தூங்குகிறேன் என்றான், நன்றாக இருக்கிறேன் என்றான், கேபினில் ஏறிவிட்டான்.

முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மணி அடித்தேன். விரலை எடுத்தேன். கொடியைச் சரிசெய்தேன். அதற்குப் பிறகுதான் பதில் மணி வந்தது. வேறு யாருக்கும் அது ஒரு தாமதமே அல்ல. எனக்கு அது ரொம்ப நேரம். அடுத்தடுத்த நாட்களில் இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. எல்லா ஸ்டேஷனிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மணிக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

சியால்தாவில் டிபன் சாப்பிடும்போது சீண்டிப் பார்த்தேன். "ஏன்டா, யோசிச்சுப் பார்த்தா கல்கத்தா பிரியாணிதான் ஒசத்தி. அந்த உருளைக்கிழங்குதான் அதுக்கு அழகே."

"இருக்கலாம் சார்," என்றான் பன்னீர்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த புளிச்சாதத்தில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். விஜயலட்சுமி உப்பையே மறந்திருந்தாள். அவன் டப்பாவை வழித்துச் சாப்பிட்டு முடித்தான்.

"டேய், நீ தூங்கறியா இல்லியா? நெஜத்தைச் சொல்லு."

"படுத்தா எழுப்பறா சார். பொணம் மாதிரி இருக்குதாம்."

"அப்போ ஒருக்களிச்சுப் படேன்! முன்னெல்லாம் அப்படித்தானே படுப்பே?"

"ஒருக்களிச்சுப் படுத்தா தலைகாணில காது அமுங்குது சார். காதுக்குள்ள சக்கரம் ஓடற சத்தம் கேக்குது. அப்புறம் ஹாரன் கேக்குது. மல்லாந்து படுத்தா ஒண்ணும் கேக்கல. கைய நெஞ்சு மேல வச்சிகிட்டா கைக்கும் வேல இல்ல."

கைக்கு வேலை இல்லை என்று அவன் சொன்னது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி ஓடும்போது மோட்டார்மேன் ஒரு கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மயக்கம் வந்து பிடி தளர்ந்தால் வண்டி தானாக நின்றுவிடும், அதற்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். கை எப்போதும் அழுத்தியபடியேதான் இருக்கும். அன்றைக்கு அந்தக் குடைக்காரனைப் பார்த்தபோதும் கைப்பிடியில் அதே கைதான் இருந்தது.

அன்று மாலையே நான் டாக்குரியாவில் இறங்கி விஜயலட்சுமியைப் போய்ப் பிடித்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஏம்மா, உனக்கு மூளை இருக்கா? அவன் தூங்காம வண்டி ஓட்டறான். பின்னாடி ஆயிரக்கணக்கான ஜனம் உக்காந்திருக்கு. அந்தக் கை ஒரு நாள் நேரத்துக்கு வரலேன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? அவன் எப்படி வேணும்னாலும் படுத்துத் தூங்கட்டும், விட்டுத்தொலையேன்!"

அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவளோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்குத் தெரியாதாண்ணா? தூங்கட்டும்னுதான் பக்கத்துல உக்காருவேன். அவரு கையச் சேத்து வச்சதும் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துடுது. எங்கப்பாவ அப்படித்தான் கெடத்தி வெரலக் கட்டினாங்க. நான்தான் கவுறு எடுத்துக் குடுத்தேன். இவரு மூக்குல வெரல வச்சுப் பாக்கறேன், மூச்சு இருக்குது. இருந்தாலும் கை நிக்கல, உலுக்கிடறேன். செத்துடுவாருன்னு பயமா இருக்குதுண்ணா. உள்ள ஏற்கெனவே செத்த மாதிரிதான் இருக்காரு."

என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. டீ கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "இதோ பாரு பன்னீர், இனிமே உன் பதில் மணி இப்படி இழுத்துண்டு வந்தா நான் மேலே சொல்லிடுவேன். அப்புறம் ஓட்ட லாயக்கில்லேன்னு உன்னை அந்த சீட்லேர்ந்து எறக்கினாலும் எறக்குவா. என்னைத் திட்டாதே."

"சரி சார்," என்றான். கூட்ஸில் கரி தின்று, பரீட்சை எழுதி, பாடாய்ப் பட்டுப் பிடித்த சீட் அது. அதைப் பிடுங்கிவிடுவேன் என்கிறேன், சரி சார் என்கிறான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அவன் காலில்கூட விழுந்திருப்பேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பதில் மணி சீக்கிரமாகவே வந்தது. தேறிவிட்டான் என்று மனசை ஏமாற்றிக்கொண்டேன்.

துர்கா பூஜை நெருங்கிவிட்டது. தெருவெல்லாம் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். துணி வாங்கப் போகிற கூட்டத்தில் வண்டி பிதுங்கியது. மத்தியானம் டாக்குரியாவில் நின்றோம். ஜனம் ஏறிற்று. இரண்டு மணி அடித்தேன்.

பதில் இல்லை.

காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடி இரண்டு மணி அடித்தேன். பதில் இல்லை. ஜன்னலில் தலைகள் நீண்டன. "கீ ஹோலோ தாதா?" என்று கத்தினார்கள். என்ன ஆச்சு என்று எனக்கு மட்டும் தெரியுமா? இறங்கி நடந்தேன். பிளாட்பாரம் முழுக்கக் கூடையும் குழந்தையும். எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு நடந்தேன், பிறகு ஓடினேன். இந்த வயசில் நான் அப்படி ஓடியதில்லை.

கேபின் கதவைத் திறந்தேன். பன்னீர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கால் நீட்டியிருந்தது. இரண்டு கையும் நெஞ்சின் மேல் கூப்பியிருந்தன. கண் மூடியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். என் விரல் தானாக அவன் மூக்கடியில் போய் நின்றது. சூடாக மூச்சு வந்தது. விஜயலட்சுமியிடம் அன்றைக்குக் கத்தினேனே, அவள் பட்ட பாடு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"பன்னீர்."

கண்ணைத் திறந்தான். "மணி கேட்டுச்சு சார். ரெண்டு தடவையும் கேட்டுச்சு. பதில் அடிக்கணும்னு தெரியுது. கை வரல."

"ஏன்டா வரலே?"

"செத்த நேரம் இங்க வைக்கலாம்னு வச்சேன். எடுக்க வரல."

நான் வாக்கிடாக்கியை எடுத்தேன். மோட்டார்மேனுக்கு உடம்பு சரியில்லை, வேறு ஆள் வராமல் வண்டி நகராது என்று சொன்னேன். அவன் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்டா."

"சரி," என்றான். முகத்தில் வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை.

பாலிகஞ்சிலிருந்து மாற்று மோட்டார்மேன் வந்தார். பன்னீரை ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் உட்காரவைத்துவிட்டு நான் வண்டியோடு போக வேண்டியிருந்தது. டூட்டி முடிந்து திரும்பி வந்தபோது அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். ரயில்வே டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இனி அவர் சொல்கிறவரை வண்டி ஓட்டக் கூடாது, வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும் என்று சொன்னாராம். நான் அவன் கையைப் பிடித்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனேன்.

விஜயலட்சுமி கதவைத் திறந்து அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வழிவிட்டு ஒதுங்கினாள். பன்னீர் நேராகக் கட்டிலுக்குப் போனான். மல்லாந்து படுத்தான். கால் நீட்டினான். நெஞ்சின் மேல் கை கூப்பினான். கண்ணை மூடினான்.

அவள் உடனே அவன் தோளுக்குக் கையை நீட்டினாள்.

"விஜயா, கை வெச்சியோ பாத்துக்கோ!" என்று அடிக்குரலில் உறுமினேன். "எழுப்பாதே. பாக்க முடியலேன்னா அடுப்பங்கரைக்குப் போ."

கை அப்படியே நின்றது. அவள் போகவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டிலோரம் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். அவன் கூப்பியிருந்த கையை மெதுவாகப் பிரித்தாள். பிரித்து, நடுவில் தன் கையை வைத்து, மறுபடி அவன் விரல்களை அதன் மேல் மூடினாள்.

"இப்ப கட்டின மாதிரி இல்ல, இல்லண்ணா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லம்மா. இல்லவே இல்லை."

பன்னீர் கண்ணைத் திறக்கவில்லை. "மணி அடிக்காதீங்க ஐயரே," என்றான் குழறிக்கொண்டே. என்னமோ எரிச்சல் போலத்தான் சொன்னான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வந்ததை நான் மறைக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

ஜன்னலுக்கு வெளியே கானிங் லோக்கல் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. கண்ணாடி கடகடத்தது. அவன் அசையவில்லை. தேவிப்ரியா ஆபீஸிலிருந்து வந்தாள். வாசலிலேயே நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவள் அப்பாவையும் அம்மாவையும் பார்த்தாள். அத்தனை நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தவள் சத்தமில்லாமல் போய் ஒரு தலையணையை எடுத்து வந்து அம்மாவின் முழங்காலுக்கு அடியில் வைத்தாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நான் புறப்பட எழுந்தேன்.

"கை மரத்துப்போச்சுண்ணா," என்று விஜயலட்சுமி கிசுகிசுத்தாள்.

"மெதுவா எடுத்துடும்மா. நன்னா தூங்கிட்டான்."

"எடுத்தா அவரு ரெண்டு கையும் சேந்துடும்," என்றாள். "மரத்தா மரத்துட்டுப் போவுது. இருக்கட்டும்."

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் படி இறங்கினேன்.